குழாய் திறந்தே இருக்கட்டும்

செந்தூல் பாசாருக்குப் பின்வரிசை,
டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
லிஃப்ட் கிடையாது.
பரலோகத்துக்கும் கிடையாது என்பார் பாஸ்டர் அருமைநாதன்.
வாரா வாரம் சொல்வார்,
வாரா வாரம் சிரித்து வைப்போம்.

அறுபது நாற்காலி போடுவது என் வேலை.
வருவது பதினான்கு பேர்,
மழை என்றால் ஒன்பது.
மீதியைச் சுவரோரம் அடுக்கியே வைக்கலாமே என்றேன் ஒருமுறை.
"வந்தவன் இடமில்லை என்று திரும்பினால்
அது உன் கணக்கில்" என்றார்.
போடுகிறேன், இருபத்தோரு வருஷமாக.
இரண்டு தடவை நாற்காலி மாற்றியாகிவிட்டது,
யாரும் உட்காராமலே கால் ஒடிந்து.

எழுப்புதல் வரும் என்றார்கள்
என் மகன் பிறந்த வருஷம்.
வெள்ளம் வந்தது. தேர்தல் வந்தது.
புகைமூட்டம் வந்து இரட்டைக் கோபுரத்தை விழுங்கியது.
நோய் வந்து கதவைப் பூட்டியது.
மகன் வளர்ந்து
ஞாயிற்றுக்கிழமை தூங்கக் கற்றுக்கொண்டான்.

தேசத்துக்காக ஜெபிக்கும்போது
சகோதரி தொற்காளுக்குத்தான் குரல் உடையும்.
கிள்ளான் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்,
என்னைவிட இளையவர்.
பெர்லிஸில் தொடங்கிப் பதிமூன்று மாநிலத்தையும்
கிளினிக்கில் பிள்ளைகளின் பெயர் கொடுப்பதுபோல
ஒவ்வொன்றாய்ச் சொல்வார்.
கிளந்தானுக்கு அவர் போனதே இல்லை.
அழுவார்.
நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வெள்ளி முழு இரவு ஜெபம்.
தண்ணீர் வெட்டி நான்காம் நாள்,
ஆற்றில் யாரோ எண்ணெய் கலந்துவிட்டார்களாம்.
லோரி வரும், வரும் என்று
கைப்பேசி சொல்லிக்கொண்டே இருந்தது.
கழிவறைக் குழாய் திறந்து கிடக்க, மூடப் போனேன்.
"மூடாதீங்க அண்ணே, வந்தா தெரிய வேணாமா?"
என்று கீழே வாளியை வைத்தார் தொற்காள்.
வெறும் வாளி.
எனக்கு நாற்காலிகள் ஞாபகம் வந்தன.
எரிச்சலாக இருந்தது.

மூன்று இருபது.
இருவர் குறட்டை, பாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது,
நான் பாதி விழிப்பு.
குழாய் இருமியது.

முதலில் காற்று.
நெடுநாள் அடக்கிய மூச்சை
சுவருக்குள் யாரோ விட்டதுபோல நீளமாக.
அப்புறம் செம்மண் நிறத்தில் ஒரு துப்பல்.
பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தவில்லை,
ஒரு கண் மட்டும் திறந்தது.
கை நீட்டினேன்.
"விடுங்க. துரு போகட்டும்."

போனது. மெல்ல,
நூல்போல, பின்பு கயிறுபோல
தெளிந்து விழுந்தது.

எதிர் ஃபிளாட்டில் இன்னும் ஏறவில்லை.
தெரு முழுக்க எங்கள் விளக்கு மட்டும்.
நேப்பாளக் காவலாளி முதலில் வந்தான், இரண்டு டின்னோடு.
பைஜாமாவில் ஒரு சீன அம்மா.
கைக்குழந்தையோடு யாரோ கணவன் மனைவி.
படியெல்லாம் பிளாஸ்டிக் மோதும் சத்தம்.
வரிசை நீளவே உட்கார்ந்தார்கள்,
வாளியை மடியில் வைத்துக்கொண்டு,
மூன்றாம் வரிசை வரை.
நான்காவதில்
அம்மாவின் நீல வாளியோடு என் மகன்,
கைப்பேசியில் தலை கவிழ்ந்து.
"வந்துட்டியா" என்றேன்.
"தண்ணிக்கு" என்றான்.

இது எழுப்புதல் இல்லை. எனக்குத் தெரியாதா?
ஐந்தரைக்கு ஒருவரும் இல்லை.
வருகைப் புத்தகத்தில் பதினான்கு என்று எழுதி,
அடித்து,
ஒன்றும் எழுதாமல் மூடினேன்.

தரையெங்கும் ஈரச் செருப்புத் தடம்.
மாப் எடுத்தேன்.
எல்லோரும் போய்விட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு
பெர்லிஸ் என்றேன், மெதுவாக.
கெடா. பினாங்கு.
பேராக் வருவதற்குள்
மாப்பை ஊன்றிக்கொண்டு
கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.